இரண்டு பாக்கெட்டும் ஒன்பது மூட்டையும்

அன்பு மகளுக்கு,

அண்ணன் போன நாளிலிருந்து உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சித்தப்பா எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்தான் போன கடிதத்திலேயே எழுதினேனே, இந்தத் தடவை கொண்டைக்கடலை கொட்டும் என்று, ஒரு மணி பிசகாமல் அப்படியே ஆயிற்று. பழைய முறையில் விதைத்த மேற்குத் துண்டில் ஆறு மூட்டை, என் முறையில் விதைத்த கிழக்குத் துண்டில் ஒன்பது, இரண்டும் ஒரே அளவு நிலம். கூடுதல் செலவு இரண்டு பாக்கெட் நுண்ணுயிர் உரமும் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும்தான், அதைக் கழித்தாலும் இரண்டு மூட்டைக்குமேல் லாபம்.

ஒரு பாக்கெட் ரைசோபியம், அது வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலுள்ள சத்தைப் பிடித்துவைக்கும். இன்னொன்று பாஸ்போபாக்டீரியா, மண்ணில் இறுகிக் கிடக்கிற மணிச்சத்தைப் பயிருக்குக் கரைத்துக் கொடுக்கும். இரண்டையும் வெல்லத் தண்ணீரில் குழைத்து விதையில் பூசித் தகரக் கூரைமேல் காயப்போட்டேன், விவசாய ஆபீஸ் அதிகாரியம்மா வந்து பார்த்துவிட்டு, ஐயா உயிருள்ளதை இப்படி வெயிலில் வறுத்துட்டீங்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். சும்மா சோதனைக்குத்தான் அம்மா என்று சொல்லிவைத்தேன். அந்த வறுத்த பாக்கெட்டுகளைக் கணக்கில் சேர்க்காதே. புதிதாக இரண்டு வாங்கி மறுபடி பூசி, உன் அறையில் ஜன்னலைச் சாத்தி உன் கட்டிலிலேயே பரப்பினேன். அரை மணி நிழல் போதும் என்றார், நான் சாயங்காலம் வரை பக்கத்தில் நாற்காலி போட்டு அதோடு பேசிக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்க ஆள் இருந்த மாதிரி இருந்தது. பூக்கிற சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு, நகத்தால் கிள்ளினால் உள்ளே ரோஜா நிறம், முடிச்சு நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், அப்புறம்தான் யாரிடம் காட்டுவது என்று யோசனை வந்தது. தபால்காரரிடம் காட்டினேன். இதைத் தின்னலாமா என்று கேட்டார்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு எங்களோடயே வந்து இருங்க சித்தப்பா, ஒத்தையா எதுக்கு அங்க கிடக்கிறீங்க என்று நீ போனில் அழுதாய். குத்தகை கேட்கிற பக்கத்து வயல் மீசைக்காரரும் நாளைக்குள் பதில் வேண்டும் என்கிறார். எப்படியம்மா வருவேன்? கடலை அளந்த அன்று களத்தில் அத்தனை பேர் முன்னாலும் அதிகாரியம்மா, ஐயா நீங்க இல்லாட்டி இந்த வேலை இங்கே நடக்காது என்று சொல்லிவிட்டாரே. ஆகவே முடியாது என்று சொல்லப்போகிறேன்.

வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வெறும் வயிற்றோடு போகாதே. மாப்பிள்ளையோடு சண்டை என்றால் அதையும் அரை மணியில் முடித்துக்கொள். இருவரும் குறைவில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். மறக்காமல் பதில் போடு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

பி.கு.: கையெழுத்துப் போட்ட பிறகும் கடிதத்தை ஒட்ட மனசு வரவில்லை. களத்தில் அத்தனை பேர் எல்லாம் இல்லை, நானும் அதிகாரியம்மாவும் மீசைக்காரரும்தான். செய்முறை பாக்கெட்மேலேயே அச்சடித்திருக்கு, படித்துப் பார்த்து யார் வேணும்னாலும் செய்யலாம் என்றுதான் அந்த அம்மா சொன்னார், அதையும் மீசைக்காரரைப் பார்த்துச் சொன்னார். நாளைக்கு அவரிடம் சரி என்று சொல்லிவிடுகிறேன், நீ டிக்கெட் போடு. நான் இல்லாட்டி நடக்காது என்றது என் சொந்தச் சரக்கு.