ஆயில் டேங்க் நிறைந்திருந்தது

பொன்மலை ரயில்வே காலனி,
செவ்வாய், இரவு பதினொன்றரை.

அன்புள்ள பென்னி அண்ணாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருக்கும் ஆஸ்டின் அண்ணனிடம்கூட வேண்டாம். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிடாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததையும் ஒரே குப்பைத்தொட்டியில் போடாதே. நீ சிரிப்பாய். சிரி, ஆனால் சொன்னதைச் செய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான். வாய்ஸ் அனுப்பினால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரை கேட்கும். டைப் செய்து அழித்தால், ஏன் அழித்தாய் என்று அப்பா கேட்பார். என் கிளாஸ் சுராயாவின் அத்தா கலீல் மாமா லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் பெட்டியில் கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இதை வைப்பதாகச் சுராயா சொல்லியிருக்கிறாள். வாசனை அடித்தால் நான் பொறுப்பில்லை.

அம்மா நலம். முட்டிவலி இருக்கிறது, ஆனால் ஜெபக் கூட்டத்துக்கு மட்டும் வலிக்காமல் நடந்து போகிறார். காலாண்டுத் தேர்வில் எனக்கு இயற்பியலில் தொண்ணூற்றொன்று. வேதியியலைப் பற்றிக் கேட்காதே.

அப்பா நலம் என்று எழுதினால் பொய். காலை ஒன்பதுக்கு ஆபீஸ் போகிறார், ஆறுக்கு வருகிறார். விழுப்புரம் வரை ரயில் ஓட்டிய மனிதர் இப்போது மற்றவர்களின் லீவு லெட்டருக்கு நம்பர் போடுகிறார். மழை வந்தால் வலது மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. பூட்டை இடது கையால்தான் திறக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்ததும் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறார் அல்லவா? அவர் எங்கும் போவதில்லை. கதவுக்கு வெளியே நின்று நீ பேசுவதைக் கேட்கிறார். தரையில் நிழல் தெரியும். அம்மாவும் பார்த்திருக்கிறார், சொல்ல மாட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆர்எக்ஸ் பைக்கை அப்பா விற்கப்போகிறார்.

போன வாரம் ஜெய்சங்கர் என்று ஒருவர் வந்தார். தில்லை நகரில் பழைய ஜப்பான் வண்டிகளை வாங்கி மாற்றி விற்பவர். நீயும் மாற்றினாய், ஆனால் அது வேறு. இவர் ஃப்ரேமை அறுத்து, சீட்டை ஒரு சாண் ஆக்கி, பின்னால் டிராக்டர் மாதிரி டயர் போட்டு வீடியோ எடுப்பவர். நம் ஆர்எக்ஸைச் சுற்றி வந்து, டேங்கைத் தட்டிப் பார்த்து, "இன்ஜின் ஜாம் ஆனாலும் பரவால்ல சார். தொண்ணூத்தொண்ணு மாடல், ஒரிஜினல் ஆர்சி இருக்குல்ல, அது போதும்" என்றார். அப்பா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எடுத்துட்டுப் போயிடுங்க. அது நிக்கிற எடத்துல ஒரு வாழக்கன்னாவது வெக்கலாம்" என்றார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெய்சங்கர் மினி லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போகப்போகிறார். அதற்காக அப்பா அன்று ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறார்.

போகவிட மாட்டேன், அண்ணா.

இன்ஜின் ஜாமாகவும் இல்லை. நான் சரி செய்துவிட்டேன். நான்தான். ஐந்து மாதம் ஆனது. அப்பா ஆபீசில் இருக்கும் சனிக்கிழமைகளில், அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போகும் இரண்டு மணி நேரத்தில் செய்தேன். செயினில் என் விரல் நசுங்கிய அன்று அப்பா போட்ட உத்தரவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது: ஷெட்டுப் பக்கம் கேத்தரின் போனால் மறுநாளே மணப்பாறை போர்டிங். "பொம்பளப் புள்ள கையில கிரீஸ் ஒட்டினா எந்த மாப்பிள்ள வருவான்" என்று அம்மா வேறு. வராவிட்டால் போகட்டும். எனக்கு போர்டிங்தான் பயம். இப்போதும் பயம்தான்.

சிலிண்டரைக் கழற்றி, துண்டில் சுற்றி, ஸ்கூல் பையில் வைத்து, பாலக்கரையில் நீ போகும் மாத்ருபூதம் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நீ பெட்டியில் வைத்துவிட்டுப் போன பெரிய சைஸ் பிஸ்டனையும் எடுத்துப் போனேன். மாத்ருபூதம் என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, சயின்ஸ் எக்ஸிபிஷனா?" என்றார். இல்லை, இந்தப் பிஸ்டனுக்குத் தகுந்த மாதிரி சிலிண்டரைக் கடைந்து தர வேண்டும் என்றேன். "அப்பாவ வரச் சொல்லு." அப்பாவுக்குக் கை சரியில்லை என்றேன். உண்மைதானே. அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். "ஆம்பள யாராச்சும் கூட்டிட்டு வாம்மா" என்றார் அவர். "சிலிண்டரக் கழட்டினது நான், தூக்கிட்டு வந்தது நான். அப்புறம் ஆம்பள எதுக்குங்க, வேடிக்க பாக்கவா?" என்று கேட்டுவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சிலிண்டரை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவினார். சுவர் முழுக்கக் கீறல். "ஆயில் இல்லாம ஓட்டியிருக்காங்க. எந்த மடையன் வேல இது?" என்றார்.

அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன்.

அப்பா விழுந்த அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ராத்திரி நீ ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்தாய். ரேஸ் வண்டிகளில் இப்படித்தான் செய்வார்கள், இனிமேல் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றிவிட வேண்டும், பக்கவாட்டில் இருக்கும் ஆயில் டேங்க் சும்மா பார்வைக்குத்தான் என்றாய். பிறகு இன்டர்வியூவுக்குச் சென்னை கிளம்பும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னாய்: "கேத்தி, அப்பா இத எடுக்க மாட்டாரு. தப்பித்தவறி எடுத்தா, ஆயில் கலக்காம ஓட்டக் கூடாதுன்னு சொல்லிடு. மறந்துடாத."

நான் மறக்கவில்லை.

காலையில் அப்பாவின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அவரோடு வேலை செய்யும் ரயில்வே கார்டு வீட்டுக் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில், ஏழு மணிக்கு முகூர்த்தம். உன் வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவந்தார். பெட்ரோல் டேங்கைக் குலுக்கிப் பார்த்தார், கொஞ்சம்தான் இருந்தது, வழியில் போட்டுக்கொள்ளலாம் என்றார். அப்புறம் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தார். ரயில்காரர் அல்லவா, பார்க்காமல் எடுப்பாரா? "அட, ஆயில் கழுத்து வரைக்கும் நிக்குது. உங்கண்ணன் இதயாவது ஒழுங்கா செஞ்சிருக்கான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் படியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. துப்பிவிட்டுச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார். ராத்திரி ஷெட்டில் உனக்கு டார்ச் பிடித்தது தெரிந்துவிடும். போர்டிங்.

விழுங்கிவிட்டேன்.

பங்கில் டேங்கை நிரப்பியிருக்கிறார். வெறும் பெட்ரோல். காவிரிப் பாலத்தின் நடுவில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது, பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. மீதி உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அப்பா உன்னைப் பார்த்து, "கண்டதையும் கழட்டி என்னக் கொல்லப் பாத்தியாடா?" என்றார். நீ ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கேத்தியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று. என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். பிறகு குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். இன்றுவரை ஏன் சொல்லவில்லை என்று நீ என்னைக் கேட்டதில்லை. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். நீ மஸ்கட் போய்விட்டாய். நல்ல சம்பளம், அதனால் போனான் என்று எல்லாரிடமும் அம்மா சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன்.

இனி ஆட்ட மாட்டேன்.

லேத்திலிருந்து சிலிண்டர் கண்ணாடி மாதிரி வந்தது. பிஸ்டனை முதல் தடவை திருப்பி மாட்டிவிட்டேன். தலையில் இருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும் என்பது சிலிண்டரை இறக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். அன்றைக்கு அம்மா சீக்கிரம் வந்துவிட்டார். பிஸ்டன் பின்னை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். போன சனிக்கிழமை பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மிதித்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. சத்தம் கேட்டுவிடும் என்பதால் இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

உன் தகட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டேன். ஆயில் பம்பை மறுபடி மாட்டி, குழாயில் குமிழி நிற்கும்வரை ஆயிலை விட்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். தப்பு என்னுடையதுதான். ஆனால் உன்னிடமும் ஒன்று சொல்வேன். நிறைந்திருக்கும் டேங்கைப் பார்த்து ஒரு மனிதர் நம்பி ஏறினால், அந்த நம்பிக்கைக்கு வண்டி பதில் சொல்ல வேண்டும். ஒரு பெண் படியில் நின்று கத்தினால்தான் ஆபத்தில்லை என்கிற வண்டி எனக்கு வேண்டாம். ரேஸ்காரர்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, ஜெய்சங்கர் வருவதற்கு முன்னால், அப்பா முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்யப்போகிறேன். பிறகு அவரிடம் சொல்லப்போகிறேன். பல் தேய்த்தது, நுரை, எல்லாம். போர்டிங்குக்கு அனுப்பட்டும். பெட்டி கட்டிக்கொண்டு போகிறேன், அழ மாட்டேன். அவருக்குக் கை போனதை என்னால் திருப்பித் தர முடியாது. ஆனால் மகன் தன்னைக் கொல்லப் பார்த்தான் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு நாள்கூட அவர் கதவுக்கு வெளியே நிற்கக் கூடாது.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு, நம் நேரம், நீ கூப்பிடு. அம்மாவோடு பேசாதே, அப்பாவிடம் போனைத் தரச் சொல். அவர் பேசாமல் இருந்தால் போனை வைத்துவிடாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் வைக்காதே, அண்ணா. நீ நல்லா இருக்கணும். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. என்னை

பின்பக்கம் ஷெட்டின் தகரக் கதவு திறந்த சத்தம். பூனை என்று நினைத்தேன். பூனை லைட் போடாது.

என் அறைக் கதவைத் தட்டுகிறார். இடது கையால் தட்டுகிறார், சத்தம் மெதுவாக இருக்கிறது. "கேத்தரின், தூங்கலன்னு தெரியும். அந்த இன்ஜின மாட்டினது யாரு?" என்கிறார்.

பயமாக இருக்கிறது. விளக்கை அணைக்கவில்லை. சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். நான்தான் என்று முதலில் சொல்வேன், அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை