நோவு இருப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்ன நாள்

அன்புள்ள கண்ணு கலாவதிக்கு,

அப்பா சொல்லச்சொல்ல உன் அண்ணி புவனா எழுதுவது. செம்மநத்தத்தில் எல்லாரும் சுகம், உன் அண்ணன் யுவராஜும் அவன் ஜீப்பும் சுகம், திருப்பூரில் உன் தோள்பட்டை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் சரிங்கப்பா என்று வைத்துவிடுகிறாய், காகிதம் என்றால் முடிகிறவரை படித்துத்தானே ஆக வேண்டும், அதனால் எழுதச் சொன்னேன்.

சேர்வராயன் கோயில் திருவிழாவில் மூன்று நாளும் மழை விடாமல் அடித்ததே, அந்த வருஷம். ஐப்பசியில் மலைப்பாதை சரிந்து ஒன்பது நாள் பஸ் ஏறவில்லை, உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய வாரம் எஸ்டேட்டுக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். காலையில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பேர் கூப்பிடுகிற களத்தில் எங்கள் செட்டுப் பதினாறு பேரையும் நிறுத்தி, காபிப்பழம் பறித்துப் பறித்து இடுப்பு, கழுத்து, தோள் நோகிறவர்கள் கையைத் தூக்குங்கள், வேலைக்கு நடுவே செய்கிற உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன் என்றார். உன் அம்மா மருதாயிக்கு அப்போது ஒரு மாதமாக வலது தோளில் நோவு, கிளையை வளைத்துப் பிடிக்கிற கை அது. அவள் கை இடுப்பு வரைக்கும் எழுந்தது. பின்னால் நின்ற நான் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டேன். நோவு என்று சொன்னால் ரைட்டர் நோட்டில் பேரை அடித்துவிடுவார், பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும் என்று பயம். அப்படி யாரும் சொன்னதில்லை கண்ணு, நானாக நினைத்துக்கொண்டது. மற்றவர்களும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள், முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்கூடக் கல்லுப்போல நின்றார்கள். தலைச்சோலையிலிருந்து பறிப்புக்கு வருகிற ஆராயி மட்டும் இரண்டு கையையும் தூக்கினாள். எங்கே நோவு என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "ஏனுங்க, நோவாத எடத்தக் கேளுங்க, வெரசாச் சொல்லிப்போடறேன்" என்றாள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். "அவளுக்கென்ன, சொந்த ஊடு இருக்குது, பேசறா" என்று நான் முணுமுணுத்தேன்.

ஒருத்திக்குத்தான் நோவு என்று எழுதிக்கொண்டு, அந்த ஒருத்திக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு டாக்டரம்மா போய்விட்டார். ஆராயி தினமும் பறிக்கப் போகும் முன்னால் ஒருதரம், டீ குடித்த பின்னால் ஒருதரம், சில்வர் ஓக் மரத்தில் விரல்களை வைத்து எறும்பு ஏறுவதுபோல மெல்ல மெல்ல மேலே ஏற்றுவாள், இடுப்பில் கைகொடுத்துப் பின்னால் சாய்வாள், தோளைச் சுற்றுவாள். நாங்கள் சும்மா விட்டோமா, "மரத்துக்குப் பேயோட்டறயா ஆராயி" என்பான் எங்கள் செட்டுக் கோவிந்தராஜ். "பேயி உம்பட இடுப்புலதான் குந்தியிருக்குது, வா ஓட்டறேன்" என்பாள். அவள் பேரை யாரும் அடிக்கவில்லை. தை மாதம் பறிப்பு முடிகிறபோது அவள் தலைக்குமேல் இருந்த கிளையைப் பிடித்து இழுத்தாள், உன் அம்மாவின் கை காதோடு நின்றுவிட்டது. அப்புறம் வெட்கத்தை விட்டு நானே போய் ஆராயியைக் கேட்டேன். மருதாயியும் மரத்தில் விரல் ஏற்றினாள், நோவு பாதி தணிந்தது, ஆனால் இறுகின தோள் முழுசாக இளகவில்லை. சாகும்வரை அவளுக்குத் தலை சீவிக் கொண்டை போட்டது நான்தான், நீயும் பார்த்திருக்கிறாய், ஏன் என்று கேட்டதில்லை. இதுதான் காரணம் கண்ணு.

இப்போது நீ என்ன சொல்கிறாய், கம்பெனியில் ஆஷ்லின் என்கிற பெண் தையல் மெஷினை நிறுத்தச் சொல்லி தினம் பத்து நிமிஷம் உடற்பயிற்சி செய்ய வைக்கிறாள், நோவு இருப்பவர்கள் பேரை எழுதிக்கொள்கிறாள், நான் அந்நேரம் பாத்ரூமில் போய் நின்றுகொள்கிறேன், பேர் எழுதினால் வேலையும் போகும் கம்பெனி கொடுத்த ரூமும் போகும் என்கிறாய். என் புத்தி அப்படியே உனக்கு வந்திருக்கிறது. அதை விடு சாமி. திங்கட்கிழமை முதல் வரிசையில் போய் நில்லு. எந்தத் தோள், எத்தனை நாளாக என்று மறைக்காமல் சொல்லு. செய்யும்போது நோவு கூடினால் நிறுத்தி அந்தப் பெண்ணிடமே காட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு செய்யாதே. எழுதினால் எழுதட்டும். வேலையை விட்டே அனுப்பினாலும் நாம் இருப்பது இப்போது லைன் வீடு இல்லை, உன் அண்ணன் கட்டின சொந்த ஊடு, உனக்கு ஒரு ரூம் இருக்கிறது. "ரெண்டு ரூம்பு வேணுமின்னாலும் இருக்குதுன்னு எழுதறனுங்க மாமா" என்கிறாள் புவனா.

சேர்வராயன் உன் கைகாலுக்குக் காவல் இருப்பான், நூறு வயசுக்கு நன்றாக இரு. கஞ்சியைக் குடிக்காமல் வேலைக்கு ஓடாதே. நான் சொன்னதில் சந்தேகம் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது விசாரித்துக்கொள். அன்றைக்குக் களத்தில் நின்ற பதினாறு பேரில் பதினாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நோவை மறைக்கச் சொன்ன நானும், கையைத் தூக்கின ஆராயியும்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா செங்கோடன்
(கைநாட்டு)