மரைக்குப் போகும் வழியில் ஐந்து படலைகள்

13 ஜனவரி 1976, செவ்வாய்
லிட்கம்

மழை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் தெப்பமாக நனைந்துவிட்டேன். தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது மெல்பேர்னிலிருந்து போன். லெஸ். அங்கே வில்வேட்டைக் கழகம் ஒன்றின் செயலாளர். விக்டோரியாவில் மான் வேட்டைக்கு எங்கே போகலாம் என்று நான் போன மாதம் கேட்டிருந்தேன்.

"நல்ல இடம் பிடிக்க எங்களுக்கே பத்து வருடம் எடுத்தது, மேட். வெளிமாநிலக்காரன் கேட்டால் உடனே காட்டிக் கொடுப்போமா? நீயே தேடிக்கொள்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

இரண்டு வருடமாக இங்கே சிட்னியில், பிளாக்டவுன் பக்கத்துத் திடலில் அம்பு விடுகிறேன். வர்ணம் அடித்த வைக்கோலைக் குத்திக் குத்தி அலுத்துவிட்டது. விக்டோரியா மலைகளில் மரை நிற்கிறது. ஊரில் நாங்கள் மரை என்கிற அதே பெரிய மான். இங்கே சாம்பர் என்கிறார்கள். போன நூற்றாண்டில் இலங்கையிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு மான் வேண்டாம்.

இந்த நாட்டுக்கு வந்து நாலு வருடம். யாரோ காட்டின கடற்கரை, யாரோ கூட்டிப்போன பார்பிக்யூ — எங்கே போனாலும் இன்னொருவரின் விருந்தாளியாகத்தான் போகிறேன். ஒரே ஒரு இடத்திலாவது, "யோகேஸ்வரனா? அவர் போகலாம்" என்று ஒருவர் சொல்ல வேண்டும். பெரிய ஆசையா இது?

மனைவி இராஜேஸ்வரியிடம் சொன்னேன். "ஓம், விக்டோரியா மான் எல்லாம் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்குதாக்கும். முதல்லை நனைஞ்ச சேட்டை மாத்துங்கோ."

19 ஜனவரி

விக்டோரியா வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வெளிமாநிலக்காரருக்கும் லைசென்ஸ் கொடுப்பார்களாம். இடம்? "அது உங்கள் பாடு, சேர்."

24 ஜனவரி, சனி
மலையடிவார ஊர் ஒன்றின் விடுதி அறை

வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குப் போகக்கூடாது என்று இராஜேஸ்வரி ஒரு பெட்டி மாம்பழமும் ஒரு தகர ரின் நிறைய முறுக்கும் தந்துவிட்டாள். எல்லையில் பழப் பரிசோதனை. பழ ஈ விக்டோரியாவுக்குள் போய்விடுமாம். பெட்டி முழுவதையும் தொட்டிக்குள் கவிழ்த்தார் அந்த மனிதர். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. முறுக்கை மோந்து பார்த்துத் திருப்பித் தந்தார்.

முதல் பண்ணைக்காரர் நான் காரை விட்டு இறங்குவதற்கு முன்பே கையை ஆட்டிவிட்டார். இரண்டாமவர், "துவக்கா?" என்று சுடுவதுபோல விரலை நீட்டினார். வில் என்றேன். உள்ளே போய் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். இருவரும் நன்றாகச் சிரித்தார்கள், ஆனால் இல்லையாம். மூன்றாவது வீட்டில் நாய் மட்டும் பேசியது.

கடைசியாக, பள்ளத்தாக்கின் முடிவில், மிஸ்ஸிஸ் டகன். விதவை, அறுபது வயதிருக்கும், தனியாக மாடு வளர்க்கிறார். முறுக்கு ரின்னை நீட்டினேன். ஒன்றைக் கடித்தார், "என் பல் போனால் நீதான் பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டே இன்னொன்று எடுத்தார்.

எந்த ஊர் என்று கேட்டார். சிலோன் என்றேன்.

"அப்படியானால் என் புல்லைத் தின்கிறவை உன் ஊர்க்காரர்தான்."

"அவை விசா இல்லாமல் வந்தவை. என்னிடம் விசா இருக்கிறது" என்றேன்.

ஒரு பக்க உதட்டால் சிரித்தார். நாளைக்கு மேல் ஓடை வரைக்கும் நடந்து பார்க்கலாமாம். வில் வேண்டாம், கால் மட்டும். என்னை அவருக்குப் பிடித்தால் பிறகு பேசலாமாம்.

நித்திரை வருமா இனி?

25 ஜனவரி, ஞாயிறு

இருக்கின்றன! இருக்கின்றன!

ஐந்து படலை, ஐந்து வேலிக் கதவு, தாண்டிப் போக வேண்டும். அதற்கு மேலே காடு. என் உள்ளங்கை அளவு குளம்படிகள். கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த மரங்கள். ஓடையோரம் அவை புரளும் சேற்றுக்குழி, தண்ணீர் இன்னும் கலங்கியபடி. பிறகு மேலேயிருந்து 'போங்க்' என்று ஒரு சத்தம், கார் ஹோர்ன் மாதிரி. மரை என்னைக் கண்டு எச்சரித்த குரல். நான் நின்ற இடத்தில் நின்று சிரித்தேன்.

என்ன வெயில்! திரும்பும்போது மூன்றாவது படலை ஆவென்று திறந்து கிடந்தது. மூடிவிட்டு வந்தேன். மாடு வைத்திருக்கிறவர்கள் இப்படி விடலாமா? மிஸ்ஸிஸ் டகனுக்கு வயது போய்விட்டது, மறந்திருப்பார்.

26 ஜனவரி, திங்கள்

எல்லாம் போச்சு.

நன்றி சொல்லிப் புறப்படலாம் என்று காலையில் போனேன். மனுசி வாசலிலேயே நின்றார், முகம் சிவந்து. அந்த மூன்றாவது படலை மறதியாய்த் திறந்து கிடக்கவில்லை. மாடுகள் குளத்துக்குப் போகத் திறந்துவிட்டிருந்தது. நான் மூடியதால் நேற்றைய வெயிலில் பின்னேரம் முழுக்கத் தண்ணீரில்லாமல் நின்று, கடைசியில் வேலியைத் தள்ளி விழுத்திக்கொண்டு போயிருக்கின்றன. ஒரு கன்றுக்குக் காலில் வெட்டுக்காயம்.

"எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும். இது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்!"

எனக்குத் தெரியாதே! எங்கடை ஆக்கள் படலையைத் திறந்தபடி விட்டிட்டு வந்தால் பேச்சுத்தான் விழும். ஆட்டு மாடு வந்து தோட்டத்தை மேய்ஞ்சிடும். மூடுறதுதான் மரியாதை. நான் மரியாதைக்குத்தானே செய்தனான்? அவவுக்கு நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுச் செய்ததை — சரி, யாருக்கு விளங்கப் போகுது. வேலியைக் கட்டித் தாறன் எண்டு கேட்டன். "நீ போனாலே போதும்" எண்டு சொல்லிப்போட்டா.

லிட்கம் வரைக்கும் ரேடியோ போடவில்லை.

29 ஜனவரி

மனம் சரியில்லை. வில்லை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன்.

8 பெப்ரவரி, ஞாயிறு

நண்பன் வரதராஜா பிளாக்டவுனிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இஞ்சினியர் ஒருத்தன் படலையிலை பெயில் விட்டது இதுதான் முதல் தரம். கோழி இறைச்சிக் கடைக்குப் போ மச்சான், அங்கை கதவு தானாய்ப் பூட்டும்."

அவர்கள் போன பிறகு இராஜேஸ்வரி குசினிக்குள் இருந்தபடி சொன்னாள்: "சிரிக்கிறவை சிரிக்கட்டும். நீங்கள் செய்தது பிழைதானே. அந்த மனுசியின்ரை முகத்துக்கு நேரை போய்ச் சொல்லவேணும். ஆனால் வெறுங்கையோடை போகாதேங்கோ."

"மாம்பழத்தைத்தான் எல்லையிலை பறிச்சுப்போடுவாங்களே?"

"மாம்பழம் எண்டு ஆர் சொன்னது? உங்களுக்கு வேறை ஒண்டும் செய்யத் தெரியாதோ?"

20 பெப்ரவரி

தெரியும்! வேலையில், ரயில் பெட்டிகளுக்குப் படம் வரைகிற மேசையில் இருக்கும்போதே வந்தது. ரயில் கழிப்பறைக் கதவில் தகடு இருக்கிறதே — உள்ளே ஆள், காலி — அப்படி ஒன்று படலைக்கு. தகரத் தகடு, ஒரு பக்கம் பச்சை: திறந்தபடி விடு. மறுபக்கம் சிவப்பு: மூடி விடு. ஒரு ஆணியில் தொங்கும். மாட்டை இடம் மாற்றும்போது மிஸ்ஸிஸ் டகன் திருப்பிப் போட்டால் போதும். வருகிறவன் சிட்னிக்காரனோ சிலோன்காரனோ, யோசிக்கவே தேவையில்லை.

வேலைத்தலத்தில் போர்மனிடம் கேட்டேன். வெட்டித் தள்ளிய தகரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

3 ஏப்ரல்

ஐந்து தகடும் முடிந்தது. எழுத்து என்னுடையது, வர்ணம் இராஜேஸ்வரியுடையது. அவள் விரலில் சிவப்பு இன்னும் போகவில்லை.

17 ஏப்ரல், சனி, ஈஸ்டர் விடுமுறை

மிஸ்ஸிஸ் டகன் என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தார். நான் முந்திக்கொண்டேன்: பிழை என்னுடையது, எங்கள் வழக்கம் வேறு, ஆனால் உங்கள் நிலத்தில் உங்கள் வழக்கத்தைக் கேட்டறிந்திருக்க வேண்டும். கன்று எப்படி?

"கொழுத்துப் போய் நிற்கிறது." அவர் கண் என் கையிலிருந்த தகடுகளில் இருந்தது. ஒன்றை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். "என் தம்பி மகன் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வந்து உன்னைவிட மோசமாகச் செய்கிறான். அவன் இந்த ஊரிலேயே பிறந்தவன்."

பிறகு சுத்தியலைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

அவருடைய யூட் என்கிற சின்ன லொறியில் போனோம். முன்சீட்டில் இருக்கிறவர்தான் இறங்கிப் படலை திறந்து மூட வேண்டுமாம். இங்கே அது எழுதாத சட்டம். ஐந்திலும் இறங்கினேன், ஐந்திலும் தகடு அடித்தேன். மூன்றாவதில் பச்சைப் பக்கத்தை அவரே திருப்பிவிட்டு என்னைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஓகஸ்டில் வா. வில்லோடு."

வில்லோடு!

11 ஜூலை

தினமும் முற்றத்தில் பயிற்சி. மரையின் மூக்குத்தான் வேட்டைக்காரனுக்குப் பெரிய எதிரி என்று படித்ததால் ஒரு மாதமாகத் தலைக்கு எண்ணெய் இல்லை. குசினியில் தாளித்த வாசம் ஏறாமல் வேட்டைச் சட்டை வெளிக் கொடியிலேயே தொங்குகிறது. "தலை பத்தைக்காடு மாதிரி நிக்குது. மரை உங்களைக் கண்டால் சொந்தமெண்டு கிட்ட வரும்" என்கிறாள் இராஜேஸ்வரி.

5 ஓகஸ்ட், வியாழன்
மிஸ்ஸிஸ் டகனின் பின்னறை

தோல்வி. ஓடைக்குக் கீழே பதுங்கியிருந்தேன். வெயில் ஏறியதும் காற்றும் சரிவில் மேலே ஏறியது, என் வாசத்தையும் தூக்கிக்கொண்டு. 'போங்க்.' அவ்வளவுதான். எண்ணெய் வைக்காமல் இருந்தும் என்ன பயன்? நாளை மேலேயிருந்து இறங்கிப் பார்க்கிறேன்.

இரவு போனில் இராஜேஸ்வரி: "நாளைக்கு ஆடிவெள்ளி. மச்சம் மாமிசம் சாப்பிட்டிடாதேங்கோ." வேட்டையாடக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

6 ஓகஸ்ட், வெள்ளி

கிடைத்துவிட்டது. முருகா, கிடைத்துவிட்டது!

இருட்டோடு சுற்றி ஏறி மலைமுதுகுக்குப் போனேன். வெயில் சரிவைத் தொடும் வரை அசையவில்லை. காற்று என் முகத்துக்கு வரத் தொடங்கியதும் ஒவ்வோர் அடியாக இறங்கினேன். பன்னத் தழைகளுக்கு நடுவே அது நின்றது, கறுத்த பெரிய கிடாய், கழுத்து மயிர் ஈரமாய், சேற்றிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தது. ஒரு மரத்தின் பின்னால் அதன் தலை மறைந்த நொடியில் நாணை இழுத்தேன். தோள் எலும்புக்குப் பின்னால். அம்பு போன சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

உடனே ஓடக்கூடாது. உட்கார்ந்து காத்திருந்தேன். பிறகு இரத்தத் தடம் பிடித்து இறங்கினேன். ஓடைக்கு இந்தப் பக்கமே விழுந்து கிடந்தது. கழுத்தில் கை வைத்துக்கொண்டு அழுதேன். வரதராஜா வாசித்தால் சிரிப்பான். சிரிக்கட்டும், அழுதேன்தான்.

மிஸ்ஸிஸ் டகன் யூட்டோடு வந்து கொம்பைப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். வீட்டில் ஈரலை வெங்காயத்தோடு பொரித்தார். அந்த வாசம்! நான் பாணும் பட்டரும் அவித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன். ஆடிவெள்ளியை விளங்கப்படுத்தினேன்.

"தன் மானைத் தானே தின்னாத வேட்டைக்காரனை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். ஆனால் எனக்கென்று ஒரு துண்டு ஈரலை மூடி எடுத்து வைத்தார். நாளைக்கு.

9 ஓகஸ்ட், திங்கள்
லிட்கம்

வீடு கல்யாண வீடு மாதிரி. இராஜேஸ்வரி அரைத்த மிளகுத்தூளில் நாலு சட்டி மரைக்கறி. தலையில் எண்ணெய் வைத்துவிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டாள். வரதராஜா பெரிய சட்டியோடு வந்தான். "மச்சான், படலையைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிறன். எலும்பும் கொஞ்சம் போடு." மிச்சத்தை வத்தல் போட்டுக் கொடியில் காயவிட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு மனுஷன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான், அவனுக்கும் கொடுத்தாயிற்று.

22 ஓகஸ்ட்

எங்கள் பிளாக்டவுன் வில்கழகத்தில் கொம்பைக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கே என்று கேட்டார்கள். நான்தான் சிரித்தேன்.

12 ஒக்ரோபர், செவ்வாய்

இன்றும் மழை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெல்பேர்னிலிருந்து போன். லெஸ்! குரலில் தேன்.

மலையடிவார விடுதியில் என் கொம்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய் மிஸ்ஸிஸ் டகனிடம் அனுமதி கேட்டாராம். "என் மலைக்கு யார் போகலாம் என்று சிட்னியில் யோகாவைக் கேள். அவர் சரி என்றால் சரி" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

இராஜேஸ்வரி கறி அகப்பையோடு வந்து என்ன என்று கண்ணால் கேட்டாள். ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னேன். "விடாதேங்கோ" என்றாள்.

அவருடைய பத்து வருடக் கதையை நான் எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "போகிற வழியில் ஒரு படலை திறந்து கிடக்கிறது, லெஸ். தகடு ஏதோ காற்றில் விழுந்துவிட்டது. என்ன செய்வாய்?"

"இருந்தபடியே விடுவேன். யாருக்குத்தான் தெரியாது?"

"எனக்குத் தெரியாமல் இருந்தது" என்றேன். "நொவம்பரில் நான் போகிறேன். நீயும் வரலாம், என்னுடைய காரில். முன்சீட்டில் உனக்கு இடம் இருக்கிறது."

நன்றி நன்றி என்றார் லெஸ். மொத்தம் ஐந்து படலை. இறங்கி ஏறட்டும்.