அரைச்சுரம் மேலே

செப்டம்பர் 4, வியாழன்

லேபில் நான் செய்து அனுப்பிய செயற்கைக் கடைவாய்ப்பல்லைப் பல் டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு காகிதத் தடிமன் உயரமாம். அரைமணி நேரம் தேய்த்துச் சரிசெய்தேன்.

சாயங்காலம் சேர்ந்திசைக் குழு ஒத்திகையில் வேறு தலைவலி. வாத்தியத் துணை இல்லாமல் ஒரே ஒரு பாட்டு, மூன்றே நிமிஷம். முடிக்கும்போது தொடங்கிய சுருதியிலிருந்து முழுசாக அரைச்சுரம் இறங்கியிருந்தோம். கீபோர்டு சார் ஒற்றை விரலால் சரியான சுரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷர்தான். அந்தச் சிரிப்பை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

குழுவை நடத்தியவர் பிப்ரவரியில் மாற்றலாகிப் போனதிலிருந்து நான்தான் முன்னால் நின்று கையை ஆட்டுகிறேன். நவம்பர் 8 கச்சேரி முடிந்ததும் கமிட்டி முடிவு செய்யும்: நானா, கீபோர்டு சாரா என்று. தலைவர் இன்று வாய்விட்டே சொல்லிவிட்டார். "நீ நல்லாத்தாம்மா பண்ற. ஆனா கீபோர்டு இருந்தா சுருதி இறங்காது பாரு."

எனக்கு இந்தக் குழு வேண்டும். என் நோட்டில் எழுத எனக்கென்ன வெட்கம்? வேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வீட்டில் இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார், நான் நாள் முழுக்க ஹெட்போனும் காதுமாக. எல்லாம் வடக்கே, குளிர் நாட்டுக்காரர்கள் இப்போது எழுதும் சேர்ந்திசை. நார்வேக்காரர் ஒருவர் ஒரே ஒரு சொல்லை நாலு நிமிஷம் விரித்துக்கொண்டே போகிறார். பின்லாந்துப் பாட்டில் பாதி நேரம் பாட்டே இல்லை, முப்பது பேர் மூச்சுவிடுகிறார்கள், அவ்வளவுதான். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. லாட்வியப் பாட்டில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஏறி, இனி இடமே இல்லை என்னும்போது இன்னும் ஒன்று ஏறுகிறது.

கடைசியாக ஒரு எஸ்தோனியாக்காரியின் பாட்டு. அதன் முடிவில் தண்ணீர் ஊற்றிய மூன்று கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் ஈர விரலை ஓட்டுகிறார்கள். அந்த ஒலி வந்ததும் நான் அழுதுவிட்டேன். இவர் பதறிப்போய், யாருக்கு என்ன ஆச்சு என்றார். நவம்பர் கச்சேரியின் இரண்டாம் பாதி முழுக்க இதுதான் என்றேன்.

"கீபோர்டு இல்லாமயா?"

"கீபோர்டு இல்லாமத்தான்."

செப்டம்பர் 11, வியாழன்

பாட்டுத் தாள்களைக் கொடுத்தேன். பஸ் ஓட்டுநர் (எங்கள் அடித்தொண்டை, அவர் பாடினால் ஜன்னல் அதிரும்) எஸ்தோனிய வரிகளைப் பார்த்துவிட்டு, மெய்யெழுத்தையெல்லாம் யார் திருடிக்கொண்டு போனது என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் நாத்தனார் சிரிக்கவில்லை. இவரின் அக்கா, நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆல்ட்டோ, அதாவது பெண்குரல்களில் கீழ்க்குரல். குழுவிலேயே நல்ல காது அவருக்குத்தான். ஃப்ரிட்ஜ் எந்தச் சுரத்தில் முனகுகிறது என்று சொல்லுவார்.

ஒன்பதாம் வரியில் விரலை வைத்து, அச்சுப் பிழை என்றார். ஆல்ட்டோவின் சுரம் டெனரின், அதாவது ஆண்களின் மேல்குரலின், சுரத்தோடு இடிக்கிறதாம். இடிக்கத்தான் எழுதியிருக்கிறது என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று கண்டுபிடித்தேன், சுருதி ஏன் இறங்குகிறது என்று. அக்கா! எந்தப் பாட்டானாலும் சுரங்கள் உரசும் இடம் வந்தால், இதில் ஒன்பதாம் வரி, அந்த உரசலைப் பொறுக்காமல் நைசாகக் கீழே, இனிக்கிற சுரத்துக்கு, சறுக்கிவிடுகிறார். அவர் காதை நம்பி மற்ற ஆல்ட்டோக்களும் கூடவே. அவர்களைப் பார்த்து டெனர். ஊரே சறுக்குகிறது.

இருபத்திரண்டு பேர் முன்னால் சொல்லித் தொலைத்தேன். "அக்கா, நீங்க திருத்த வேணாம். எழுதினதைப் பாடுங்க போதும்."

"தப்பைத் தப்புன்னு சொல்ற காது எனக்கு. அதை அறுத்து வெச்சுட்டா வர முடியும்?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு இந்த வாய் தேவையா? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. தலைவர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி

அக்கா போனை எடுக்கவில்லை. மூன்று தடவை.

செப்டம்பர் 21, ஞாயிறு

நானே போனேன். காபி போட்டுக் கொடுத்தார், பேச்சுக் கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். சர்க்கரை டப்பாவை என் பக்கம் தள்ளினார். சரி என்று போனை மேஜையில் வைத்து ஒரு பழைய லித்துவேனியப் பதிவைப் போட்டேன். அங்கே பெண்கள் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை வேண்டுமென்றே உரசவிட்டுப் பாடுவார்கள். எவ்வளவு உரசுகிறதோ அவ்வளவு நல்ல பாட்டு. புதிதாக எழுதுகிறவர்கள் பலருக்கும் அது காதில் ஊறிக் கிடக்கிறது.

முதல் தடவை முகம் சுளித்தார். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் தடவை அவரே போட்டார்.

"இதுங்க தெரியாமப் பாடல. பிடிவாதமாப் பாடுதுங்க" என்றார்.

பிடிவாதம் என்றால் அக்காவுக்குப் புரியும்.

அக்டோபர் 2, வியாழன்

ஒரு கிறுக்குத்தனம் செய்தேன், பலித்தது. கூட்டம் கூட்டமாக நிற்பதைக் கலைத்துவிட்டேன். ஒரே குரல்காரர் இருவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்க முடியாதே! முதல் பத்து நிமிஷம் சந்தைக்கடை. மருந்துக்கடைக்காரர் தொலைந்துபோய்ப் பாடாமலே நின்றார். மழலையர் பள்ளி டீச்சர் மட்டும் இது தன் வகுப்பு மாதிரியே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

அக்காவுக்கு இடப்பக்கம் ஒரு டெனர், வலப்பக்கம் பஸ் ஓட்டுநர். ஒன்பதாம் வரி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தன் சுரத்தில் நின்றார், டெனர் தன் சுரத்தில் நின்றார், ஒருவரும் நகரவில்லை. அப்போது அறைக்குள் ஒரு ரீங்காரம். மின்விசிறி என்று நினைத்து நிமிர்ந்தேன், அது ஓடவே இல்லை. இரண்டு குரலும் உரசிய இடத்தில் அந்தத் துடிப்பு தானாகப் பிறந்து நின்றது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் அந்த மின்விசிறியையே அண்ணாந்து பார்த்தார்கள்.

அக்காதான் வாயைத் திறந்தார். "இன்னொரு தடவை."

அக்டோபர் 9, வியாழன்

இன்று சுருதி இறங்கியது ஒரே ஒரு காகிதத் தடிமன். பல்லாக இருந்தால் டாக்டர் திருப்பி அனுப்பியிருப்பார். நான் அனுப்பமாட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

கோப்பைகள் வந்தன. மூன்றும் அக்கா பொறுப்பு. தண்ணீர் கூடினால் ஒலி இறங்கும், குறைந்தால் ஏறும். அக்கா சொட்டுச் சொட்டாக ஊற்றிச் சுருதி சேர்த்துவிட்டார்.

கீபோர்டு சார் எட்டிப் பார்த்தார். கோப்பை உங்களுக்காக இறங்கி வராதே, கடைசியில் அது ஒலிக்கும்போது நீங்கள் இறங்கியிருந்தால் மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடுமே என்றார். பயமுறுத்தவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

தொண்டைவலி. கைவலி. எல்லா வலியும். நாளைக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

எங்கே தொடங்க? நான் செய்த முட்டாள்தனத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இசைக்கவையைத் தட்டினால் ஒரே ஒரு சுரம்தான் வரும். எஸ்தோனியப் பாட்டு அதற்கு அரைச்சுரம் கீழே தொடங்க வேண்டும். நூறு தடவையாவது செய்திருப்பேன்: தட்டு, காதில் வை, அரைச்சுரம் இறங்கு, முனகிக் கொடு. நேற்று மேடையில், முன்வரிசையில் கமிட்டி, தலைவர் பக்கத்தில் கீபோர்டு சார். தட்டினேன், காதில் வைத்தேன், இறங்க மறந்தேன். கவை கொடுத்ததை அப்படியே கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் வரியில் உறைத்தது. பாட்டு அரைச்சுரம் மேலே ஓடுகிறது, கோப்பைகள் பழைய இடத்தில் காத்துக்கொண்டிருக்கின்றன. நிறுத்தித் திரும்பத் தொடங்குவதா? கமிட்டி முன்னாலா? சரி, இவர்கள்தான் எப்போதும் இறங்குவார்களே, இன்றைக்கும் இறங்கட்டும், கடைசியில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இறங்குங்க, கொஞ்சம் இறங்கித் தொலைங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இரண்டு மாதமாக இறங்காதே இறங்காதே என்று கத்தியவள் நான்!

ஒருத்தரும் இறங்கவில்லை. கல்லில் செதுக்கின மாதிரி நின்றார்கள், பாவிகள். ஒன்பதாம் வரியில் அந்த ரீங்காரம் மண்டபம் முழுக்கப் பரவியது. எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒரே நேரத்தில்.

அப்போது அக்கா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா! முதல் சுரத்திலேயே தெரிந்திருக்கும். கண்ணால் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் உச்சத்தில் முழங்கும் இடம் வந்ததும் முதல் கோப்பையை எடுத்தார். குடித்தார். மேடையில், இருநூறு பேர் முன்னால், நிதானமாக ஒரு மடக்கு. விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார், அந்த முழக்கத்தில் வேறு யாருக்குக் கேட்கும்? தலையை ஆட்டிவிட்டு இன்னும் அரை மடக்கு. இரண்டாவது கோப்பை. மூன்றாவதில் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டார் போல. விரலை ஓட்டியவர் அசராமல் பஸ் ஓட்டுநரின் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடுங்கி நாலு சொட்டு ஊற்றினார். ஓட்டுநர் பாட்டை விடவே இல்லை.

குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அக்காவின் விரல் விளிம்பில் சுற்றியது.

சேர்ந்தது. அப்படியே, மயிரிழை பிசகாமல் சேர்ந்தது! குரல் எங்கே முடிந்தது, கோப்பை எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. நான் கையை இறக்கவே இல்லை. எத்தனை நொடி அப்படி நின்றேன் என்று இவரைத்தான் கேட்க வேண்டும். அப்புறம் கைதட்டல், நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம், மண்டபமே எழுந்து நின்றது.

பின்னறையில் எல்லோரிடமும் ஒப்புக்கொண்டேன், நான்தான் தப்பாகக் கொடுத்தேன் என்று. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எழுதினதைத்தான் பாடணும்னு சொன்ன. நீ குடுத்ததைப் பாடினோம்." கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவரும் உதறவில்லை.

தலைவர் வந்து, அந்தத் தண்ணீர் குடிக்கிற இடம் ரொம்ப உருக்கமாக இருந்தது, தாளிலேயே இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் பதிப்பில் மட்டும் இருக்கிறது என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

ஏழு பேர் கமிட்டி. ஏழு கையும் எனக்கே. கீபோர்டு சார்தான் என் பெயரை முன்மொழிந்தாராம். அவரைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதையெல்லாம் அடிக்கலாமா? வேண்டாம், கிடக்கட்டும்.

நவம்பர் 20, வியாழன்

புதுத் தாள்கள் கொடுத்தேன், அந்த லாட்வியப் பாட்டு. எட்டுக் குரல். டெனரில் இன்னும் ஒரு ஆள் குறைகிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கீபோர்டு சார். கையில் ஒரு பென்சில், வேறொன்றும் இல்லை. உள்ளே வந்து, கலைந்து நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நான் எங்கம்மா நிக்கட்டும்?"