சுவரில் இருக்கும் அஞ்சலையக்கா

நவம்பர் 12, புதன்.

மீன்சந்தைச் சுவரில் எங்கள் அமைப்பு வரைந்த ஓவியத்தைப் பார்க்க இன்று நன்கொடையாளர்கள் வந்தார்கள். ஓவியத்தின் நடுவில் இருப்பது மீன் விற்கும் அஞ்சலையக்கா. நிஜத்திலும் அவர் தினமும் அந்தச் சுவர் நிழலில்தான் கடை போடுகிறார். "படம் மறையுதுக்கா, ஒரு மணிநேரம் தள்ளி உட்காருங்க" என்றேன்.

"இன்னாம்மா, செவுத்துல என்னிய குந்த வெச்சிட்டு, நெசத்துல எய்ந்திரின்றியே?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடையைத் தலையில் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன்.

ஓவியத்தில் உயிர் இருக்கிறது என்று வந்தவர்கள் மெச்சினார்கள். மீன் கெட்டுவிடாமல் இருக்க, எதிர் வெயிலில் அக்கா தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்.

காலைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். உடம்பெல்லாம் அசதி. 'மக்கள் பங்கேற்பு' என்று அறிக்கையில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் இருக்கிறது. அரைமணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.