மாப்பிள்ளைக்குச் சிவப்பு அட்டை

மர்கிலான்
11 ஏப்ரல் 1979

மதிப்பிற்குரிய சம்பந்தி நோசிர் அவர்களுக்கு,

ஹம்ராகுல் எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் ரயிலில் வேலையாக இருந்தேன். திரும்பி வந்து நடைமேடையில் கால் வைத்ததும் ஒரு சுமைதூக்கி சொல்லித்தான் தெரியும். ஆந்திஜான் அணியுடன் நடந்த ஆட்டத்தில் என் மகன் நடுவர் மேல் கை வைத்தான், நடுவர் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார் என்று. நடுவர் யார் என்று கேட்டேன். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார்.

யோத்கோரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"கை வச்சியா?"

"வச்சேன்பா."

"மாமனார்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்பா."

அவன் அம்மா பார்க்க ஓர் அறை விட்டேன். அவனுடைய பூட்ஸை என் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

ஜனவரியில் நிச்சயத்தன்று பெரியவர்கள் பிட்டுக் கொடுத்த ரொட்டியில் எங்கள் பாதி துணியில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. இப்படிப்பட்டவனுக்கு உங்கள் மகள் ஓய்தினைக் கொடுக்க மனம் இல்லையென்றால் ஒரு வரி எழுதுங்கள். நானே கொண்டுவந்து உங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

உங்கள் முகத்தில் விழிக்கக் கூசும்,
ஹம்ராகுல்

கோகந்த்
16 ஏப்ரல் 1979

அன்புள்ள சம்பந்திக்கு,

ரொட்டிப் பேச்சை விடுங்கள். ஓய்தினின் அம்மா மெத்தை விரிப்புகள் தைக்கத் தொடங்கிவிட்டாள். பருத்தி எடுத்து முடிந்ததும் கல்யாணம் என்று பேசினோம், அதில் மாற்றம் இல்லை.

மைதானம் வேறு, வீடு வேறு. உங்கள் ஊர்ப் பையன்கள் பெனால்டி கேட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மழை வேறு, காலடியெல்லாம் சேறு. அந்தக் களேபரத்தில் நடந்தது அது. நடுவரைத் தொடக் கூடாது என்பது விதி. 'சட்டையைப் பிடித்து இழுத்தார்' என்று அறிக்கையில் எழுத வேண்டியதாயிற்று. மே 4 அன்று ஃபெர்கானாவில் விசாரணை வைத்திருக்கிறார்கள். பையன் வந்து மன்னிப்புக் கேட்டால் தண்டனையைக் குறைப்பார்கள்.

அவனை அடித்திருக்க வேண்டாம். இந்த ஈரத்தில் என் முழங்கால்தான் கொஞ்சம் படுத்துகிறது. மற்றபடி சுகம்.

அன்புடன்,
நோசிர்

மர்கிலான்
20 ஏப்ரல் 1979

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் பெருந்தன்மையான கடிதம் கிடைத்தது. அதை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தேநீர்க் கடைக்குப் போனேன். அங்கே இப்போது பேச்சே இந்த அட்டைதான். கணக்குப்பிள்ளை ஸாகிர் உங்கள் கட்சி. நடுவரைத் தொட்டால் தொட்டதுதான், காரணம் கேட்க ஆரம்பித்தால் ஆட்டம் நடக்காது என்கிறார். முடிதிருத்தும் கோச்கார் எதிர்க்கட்சி. நீங்கள் சறுக்கி விழுந்ததாகவும், யோத்கோர் தூக்கிவிட்டதாகவும் சாதிக்கிறார். "விழுந்தவரைத் தூக்கினதுக்குச் சிவப்பு அட்டைன்னா, மிதிச்சுட்டுப் போயிருந்தா பச்சை அட்டை குடுத்திருப்பாங்களா?" என்றார். கடையே சிரித்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. தட்டில் இருந்த ரொட்டியை எடுத்து நெற்றியில் ஒற்றிச் சத்தியம் செய்து, "என் சம்பந்தி பொய் எழுத மாட்டார்டா. என் மகன்தான் தப்புப் பண்ணினான். அவனே ஒத்துக்கிட்டான்" என்றேன். கோச்கார் என் கோப்பையில் தேநீர் ஊற்றினார்.

29ஆம் தேதி தாஷ்கண்ட் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். யோத்கோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அட்டை விவகாரம் முடியாதவனைச் சேர்ப்பதில்லையாம். அதுவும் நியாயம்தான். நடுவரே அதற்கு முன் சொன்னால் ஒழிய விசாரணைத் தேதி மாறாது என்று அணிச் செயலாளர் சொன்னார். உங்களிடம் சலுகை கேட்க நான் யார்? விசாரணைக்கு அவனை நானே அழைத்துவருகிறேன். உங்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பான்.

என்றும் கடமைப்பட்ட,
ஹம்ராகுல்

கோகந்த்
28 ஏப்ரல் 1979

ஹம்ராகுல் அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதப் பேனா வரவில்லை.

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. ஒவ்வொரு நாளும் நாளை எழுதலாம் என்று இருந்துவிட்டேன். கோச்கார் சொன்னது உண்மை. நான் பின்னால் நகர்ந்தேன், சேற்றில் சறுக்கி மல்லாந்து விழுந்தேன். சூழ்ந்து நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். யோத்கோர் மட்டும் ஓடிவந்து, பெரியவர்களுக்குக் கை கொடுப்பதுபோல இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துத் தூக்கினான். குனிந்து, மெதுவாக, "அடி பட்டுச்சா மாமா?" என்று கேட்டான்.

அதற்குள் பார்வையாளர் வரிசையில் எவனோ கத்தினான்: "மாப்ள, பாத்துத் தூக்கு! கல்யாண விருந்து அவரு வீட்டுலதான்!" மைதானமே சிரித்தது. ஆந்திஜான் ஆட்டக்காரர்களும் சிரித்தார்கள். இனி நான் பெனால்டி கொடுத்தாலும் மாப்பிள்ளைக்குக் கொடுத்தது என்பார்கள் என்று தோன்றியது. முதுகெல்லாம் சேறு. அவன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பையில் கையை விட்டு அட்டையை எடுத்தேன்.

அவன் நெஞ்சில் கை வைத்து எனக்குத் தலை வணங்கிவிட்டு வெளியே போனான். விருந்து வீட்டிலிருந்து விடைபெறுகிறவன் போல.

விழுந்தேன் என்று எழுத வெட்கப்பட்டு, இழுத்தான் என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்காக நீங்கள் ரொட்டியின் மேல் சத்தியம் செய்திருக்கிறீர்கள். உங்களை நான் பொய்ச் சத்தியம் செய்ய வைத்தேன்.

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக இன்று விசாரணைக் குழுவுக்குத் தந்தி கொடுத்தேன். நாளைய தேர்வுக்கு அது உதவாது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை எல்லார் முன்பும் சொல்வேன். நடுவர் விசிலைக் கேட்டால் கொடுத்துவிடுவேன். ஓய்தினிடம் இன்னும் சொல்லவில்லை. ரொட்டியைத் திருப்பி அனுப்பும் உரிமை இப்போது உங்களுடையது.

நோசிர்

மர்கிலான்
6 மே 1979

சம்பந்தி நோசிர் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் எழுந்து சொன்னதைச் சுவரோரம் நின்று கேட்டேன். அட்டையை ரத்து செய்ததையும் கேட்டேன். உங்களிடம் வராமலே போய்விட்டேன். பாதி கோபம். நீங்கள் யோசித்த ஐந்து நாளால் தாஷ்கண்ட்காரர்கள் வேறு பையனை எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாதி, அவனை அறைந்த கை என்னுடையது என்பது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பூட்ஸை அவன் முன்னால் வைத்தேன். மன்னிப்பு வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. அவன் பூட்ஸைத் திருப்பிப் பார்த்து, "நல்லா காஞ்சிருச்சு" என்றான். ஏன்டா என்னிடமாவது சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மாமா விழுந்தார்னு நான் எப்படிப்பா சொல்றது?"

தேநீர்க் கடைக்கு இன்னும் போகவில்லை. கோச்காரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ரொட்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளைக்கு நீங்கள் இங்கே வர வேண்டாம். முதலில் நான் என் மகனிடம் பேச வேண்டும்.

அன்று மைதானத்தில் அவன் உங்களிடம் ஒன்று கேட்டான். இன்னும் பதில் வரவில்லை என்கிறான். முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு எழுத வேண்டாம். அவனுக்கு எழுதுங்கள்.

ஹம்ராகுல்