ஹரோவில் ஏழு பைகள்

குட்மேய்ஸ்,
ஞாயிறு

மிதுஷாவின் அப்பாவுக்கு,

சிவனேஸ்வரி எழுதுவது. அந்தத் தீவில் நீங்கள் சுகமாயிருக்க அம்மாளைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் குழப்பிவிடுவீர்கள். அதுதான் கடிதம்.

எங்களோடு சேர்த்து ஏழு குடும்பமும் வருகிறது. நீங்கள் முன்னால் போய் வீடுகள் பார்த்து வைத்தது வீண்போகாது. ஏழு குடும்பத்தைச் சேர்த்த எனக்கு எங்கள் ஒரே மகளைச் சேர்க்க முடியவில்லையே என்பதுதான் கவலை. நடுக்கடலில் போய்க் குடியிருப்பது விசர் வேலை என்றவள், தைப்பொங்கலுக்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

இதற்குள் நாங்கள் புறப்படும் நாள் அட்டமி என்று எங்களோடு வரும் ஸ்ரீதரன் கண்டுபிடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் எக்ஸ்ரே எடுத்த மனிதர், அட்டமியிலை நான் வெளிக்கிடமாட்டன் என்று நின்றார். இன்னும் இரண்டு குடும்பம் அவர் பக்கம் சாய்ந்தது. தீவுக்கு விமானமோ கிழமைக்கு ஒன்றுதான்.

நான் விடுவேனா? நல்ல நேரத்தில் ஒரு பையை வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் அன்றைக்கே பயணம் தொடங்கியதாகிவிடும், பிறகு எந்த நாளிலும் அதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஞாபகப்படுத்தினேன். நேற்று மத்தியானம் வரை நல்ல நேரம். காலையிலேயே எல்லாரும் பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து, ஹோலில் வைத்து, தோசையும் சாப்பிட்டாயிற்று. அப்போதுதான் ஜம்புநாதனின் மனைவி ரமா, அக்கா, நீங்களும்தானே கிளம்பறீங்க, போறவங்க வீட்ல வெச்சா எப்படி, இங்கயே இருக்கறவங்க வீடுல்ல வேணும் என்று கேட்டாள். எனக்குத் திக்கென்றது. ஆளில்லாத பைகளைக் கோயிலிலும் விட ஏலாது. லண்டனில் நிற்கப்போகிறவள், நாங்கள் உரிமையோடு கதவைத் தட்டக்கூடியவள், ஒருத்திதான்.

கேட்காமலே அவளுடைய ஹரோ வீட்டுக்குக் கிளம்பினோம். மெட்ரோபொலிட்டன் லைனில் பைகளும் நாங்களும், கலியாணத்துக்குப் போகிற கூட்டம் மாதிரி. மிதுஷா கதவைத் திறந்து எங்களை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்ரீதரன் விஷயத்தைச் சொன்னார். அவள் தன் வேலை மேசையைச் சுவரோடு தள்ளி, ஏழு பைகளையும் தானே தூக்கி வைத்தாள். நேரம் தப்பவில்லை.

திரும்பும்போது என்னை மட்டும் வாசலில் மறித்தாள். நான் வரேல்லை, அதைக் கேக்காதேங்கோ அம்மா, ஆனா பையை எடுக்க வரேக்கை என்ரை கையாலை சாப்பிட்டிட்டுத்தான் போகோணும் என்றாள். ரயிலில் நான் அழுதேன். ரமா பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

நீங்கள் அவளுக்கு ஒருக்கால் போன் எடுங்கள். வருகிறாயா என்று கேட்டுவிடாதீர்கள். பைகள் பத்திரமா என்று மட்டும் கேளுங்கள். கடல் பக்கத்துச் சின்ன அறையில் சாமான் அடுக்கப்போவதாகச் சொன்னீர்களே, அதில் ஒன்றும் அடுக்க வேண்டாம். ஒரு கட்டிலும் மேசையும் போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அம்மாள் எங்கள் மூன்று பேரையும் காக்கட்டும்.

உங்கள்
சிவனேஸ்வரி